மூணு வழி மரை

கிட் வாங்கினால் பித்தளைக் குழாய், மூடி, கிளிப்
எல்லாம் ஒரே பொட்டலத்தில் வந்துவிடும்.
ஒரு மரத்துண்டைக் கடைந்து செருகினால் பேனா.
அந்தக் குழாய்க்கு எந்த விரலையும் தெரியாது.

அஞ்சலாட்சியின் ஆள்காட்டி விரலில்
கெளுத்தி முள் ஏறி நாலு வருஷம்.
நடுக்கணு மடங்காது.
பால்பாயிண்டை அழுத்த முடியலை என்று
காசிமேட்டிலிருந்து என் ஷெட்டுக்கு வந்தாள்,
ஐஸ் தண்ணீர் சொட்டும் பையோடு.

பகலெல்லாம் நான் கடைவது
விசைப்படகுக்குப் புஷ், தண்டு, பம்புக்கு வளையம்.
அதே வெர்னியரால் அவள் பிடியை அளந்தேன்.
பெருவிரலுக்கும் மடங்காத விரலுக்கும் நடுவில்
பதினொன்று புள்ளி நாலு.
"ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிறியா?" என்று சிரித்தாள்.
சிரித்ததில் பதினொன்று புள்ளி ஏழு ஆனது.
மறுபடி அளந்தேன்.

கறுப்பு எபோனைட் கம்பி.
உளி தொட்டதும் ரப்பரும் கந்தகமும்;
மணலிக் காற்று வீசும் ராத்திரிகளில்
எந்த நாற்றம் என்னுடையது என்று சொல்ல முடியாது.
எண்ணூர் விரைவுச் சாலையில்
கன்டெய்னர் லாரி போனால் தரை நடுங்கும்,
உளி நடுங்கும், பளபளப்பில் ஒரு வரி விழும்.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
ஒரு மூச்சு அளவு கடைவேன்.
நிப் ஒன்றுதான் வெளியில் வாங்கினது.
அதன் அடிநாக்கையும் நானே அறுத்தேன்.

முதல் பேனா ஒரு வாரத்தில் திரும்பி வந்தது.
மையில் குறையில்லை, ஒழுகவில்லை.
மூடி திறக்க ஆறு சுற்று.
"ஏலக்காரன் ஆயிரத்தி எர்நூறு, முந்நூறுன்னு போறான்,
நான் இன்னும் திருகிக்கினு கீறேன்.
ரெண்டு கூடை சங்கரா பூட்ச்சுபா."
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஒரு மரைக்கு ஆறு சுற்று என்றால்
மூன்று மரையைப் பக்கம் பக்கமாகப் பின்னி ஓட்டினால்
இரண்டு.
காகிதத்தில் சுலபம்.
முப்பது பல் கியரில்
பத்துப் பல்லுக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன்.
முதல் கோட்டில் ஒரு மரை.
கியரைப் பிரித்து, நகர்த்தி, பூட்டி, இன்னொன்று.
மூன்றாவது பாதி ஓடும்போது
கரண்ட் போனது.

உளி காடிக்குள்ளேயே நின்றது.
லீவரை விட்டால் இடம் தொலையும்.
மூடி வாங்கிப் போக வந்தவள்
ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் இருட்டில்.
"சக்கைக் கையால சுத்து. என் பக்கமா. மெதுவா."
செல்போன் வெளிச்சத்தை ஆயில் டப்பா மேல் சாய்த்து
அவள் சுற்றினாள், நான் உளியைப் பார்த்துக்கொண்டேன்.
கூடை தூக்கிப் பழகிய தோளுக்குச் சக்கு லேசு.
மோட்டார் இரைச்சல் இல்லாமல்
எபோனைட் அறுபடுவதை அன்றுதான் கேட்டேன்:
கருவாட்டைப் பூனை கடிப்பது போல.

மூடியை எந்த வாயில் வைத்தாலும் ஏறுகிறது.
இரண்டு வாய் வழுக்கிக்கொண்டு போகும்.
அவள் சுற்றினது மட்டும் பாதியில் கொஞ்சம் இழுக்கும்.
"தேய்ச்சுத் தரேன்" என்றேன்.
"இர்க்கட்டும்."

கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதிப் பார்த்தாள்:
நாகலிங்கம், கடம்பா 3 கூடை, பாக்கி 850.
விரல் நீட்டியபடியே இருந்தது. எழுத்து ஓடியது.
"ஈரம் பட்டா மை கலையும்."
"கலையட்டும். கடன் எனக்கு மனப்பாடம்.
எழுதுறது அவுங்க பாக்குறதுக்கு."

பாதிப் பணம் எண்ணித் தந்தாள், செதில் ஒட்டின நோட்டு.
மீதிக்கு
அதே பில்லில், நாகலிங்கத்துக்குக் கீழே,
கோடு போட்டுத் தனியாக எழுதினாள்:
லேத்துக்காரருக்கு நான் தரணும் 600.
கிழித்து அந்தத் துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு
மூடியைத் திருகினாள்.
இழுக்கிற வாயில் மாட்டியிருந்தது.
பல்லைக் கடித்துக்கொண்டு
முழுசாக மூடினாள்.