ஏழாம் வண்டியின் மூக்கு

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள்.
ஏழாம் எண் வண்டியின் திரையில் புகுந்திருந்தது
ஒரு மஞ்சள் ஆமை.
மின்கலம் கொதித்தால் அதை எரியவிடச் சொன்னது
நான்தான்.
ஒரகடம் வாசலில் பெட்ரோல் எஞ்சின்
தனியாளாய் மூச்சிரைத்து வந்து நின்றது,
கூட இழுக்கவேண்டிய மோட்டார்
கையைக் கட்டிக்கொண்டிருக்க.

கணக்கில் குறை இல்லை.
கத்திரி வெயிலுக்கு நாற்பத்துமூன்று டிகிரி வைத்தேன்.
ஐந்து பேர், தலைக்கு அறுபத்தெட்டுக் கிலோ,
டிக்கியில் ஒரு அரிசி மூட்டை.
கிண்டி சிக்னலை இருமடங்கு நீட்டினேன்.
வேளச்சேரித் தண்ணீரைக்கூட
முழங்கால் அளவுக்கு ஊற்றிப் பார்த்தாயிற்று.
எல்லாவற்றிலும் பாஸ்.

மூன்று மாதம் சொந்த வண்டி மாதிரி ஓட்டுங்கள் என்று
பெயின்ட் ஷாப் கொளஞ்சியிடம் கொடுத்திருந்தோம்.
அவர் எதையும் குறித்துவைக்க வேண்டாம்.
நொடிக்குப் பத்துமுறை
வண்டியே எழுதிக்கொள்ளும்.

உட்கார்ந்து படித்தேன்.
காலை 6.40, குரோம்பேட்டை. சீட்பெல்ட் நான்கு.
பள்ளிக்கூடம் தாண்டியதும் இரண்டு.
கத்திப்பாரா ஏற்றத்தில் வாங்கிய கடனில் கால்வாசியை
இறக்கத்தில் பிரேக் திருப்பிக் கட்டியிருக்கிறது.
கேட்காமலே கடன் திரும்பி வரும் இடம்
எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அது ஒன்றுதான்.

மே 19. இரவு 1.52.
வேகம் பூஜ்யம்.
ஏசி இருபத்தாறு.
பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சின் விழித்து
மின்கலத்துக்கு ஊட்டிவிட்டு
மறுபடி அடங்கியிருக்கிறது.
4.35 வரை இப்படியே.
ஒரு அடிகூட நகரவில்லை வண்டி.
கதவு திறந்து மூடியது இரண்டே தடவை.

போன் போட்டேன்.
"தெருவுக்கே கரன்ட் இல்ல மேடம்.
சின்னவளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.
பின்சீட்ல போட்டுத் தூங்க வச்சோம்.
சத்தமே இல்லாத வண்டியா, முழிக்கவே இல்ல.
தப்பா மேடம்?"

பின்சீட்டின் பக்கவாட்டில்
மின்கலத்துக்கு ஒரு மூக்கு வைத்திருக்கிறேன்.
உங்களுக்கு வீசும் காற்றில் கொஞ்சம்
அதுவும் இழுத்துக்கொள்ளும்.
கழற்றினோம்.
முறுக்குத் தூள். இரண்டு ஹேர்பின்.
நார் மட்டும் மிஞ்சிய பூச்சரம்.
புளியோதரையிலிருந்து தப்பிய ஒரு வேர்க்கடலை.
இதெல்லாம் வெறும் சளி.
அடைத்தது,
பாதி உள்ளே இழுபட்டுக் கிடந்த
சிவப்புக் கட்டம் போட்ட ஒரு துண்டு.

"கையேட்டில் போட்டிருக்கிறோமே," என்றான் தேவநேசன்,
"பக்கம் 212. துவாரத்தை மறைக்காதீர்கள்."
இரவு இரண்டு மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில்,
அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு
யாரப்பா புரட்டுவார் 212ஐ?

அன்றிரவு எனக்கே ஜலதோஷம்.
இடது பக்கம் முழுக்க அடைப்பு.
ஒருக்களித்துப் படுத்தபோது
வலது பக்கம் பாட்டுக்கு வேலை செய்தது.
எழுந்து உட்கார்ந்து
பால் கணக்குச் சீட்டின் பின்புறம் வரைந்தேன்:
முன்சீட்டுக்கு அடியில்
இன்னொரு நாசி,
நடுவில் ஒரு சின்ன மடல்.

எண்பத்தாறு ரூபாய் கூடுகிறது என்று
கொள்முதல் பிரிவு மூன்று வாரம் முகத்தைத் தூக்கியது.
மடலைப் பிளாஸ்டிக்கில் போட்டு
அறுபத்தொன்றுக்கு இறக்கினேன்.
இப்போது ஒரு நாசியில் போர்வையே திணித்தாலும்
ஆமை வருவதில்லை.
இதற்கெல்லாம் விளம்பரத்தில் இடமில்லை.
விளம்பரத்தில் எப்போதும் மலைப்பாதை,
எப்போதும் யாருமில்லாத பின்சீட்.

வண்டியைத் திரும்ப எடுக்க வந்த கொளஞ்சி
சாவியை வாங்கியும் நகரவில்லை.
"ஒரு துண்டு கிடைச்சுதா மேடம்?
அது இல்லாம பத்து நாளா தூங்க மாட்டேங்கிறா."

சான்று 7-அ என்று சீட்டு ஒட்டி
உறையில் போட்டு வைத்திருந்தேன்.
அறிக்கைக்குப் படம் இருக்கிறது, போதும்.
சீட்டைக் கிழித்தேன்.
பசை மட்டும் ஒரு ஓரத்தில் போகவில்லை.