இருபத்தேழாம் பெட்டி

காசிமேட்டில் மீன் இறக்கிய தெர்மாகோல் பெட்டிகள்.
எத்தனை கழுவினாலும் வஞ்சிர வாடை போகாது.
அடியில் ஆணியால் நாலு ஓட்டை.
செம்மண், ஆற்றுமணல், சாம்பல் கொஞ்சம்.
சாம்பலை நான் போட வேண்டியதில்லை,
எண்ணூர்ப் பக்கத்துக் காற்று போட்டுவிடும்.

நாற்பத்தொரு பெட்டி. நாற்பத்தொரு விதம் மழை லில்லி.
பூக்காதபோது எல்லாம் ஒன்றுதான்.
"வெங்காயத்தாளுக்கு எதுக்குய்யா மொட்ட மாடி?"
வீட்டுக்காரர் கேட்பார், ஒவ்வொரு முதல் தேதியும்.

தண்ணீர் பாட்டிலை வெட்டிய துண்டுகளில்
பேர் எழுதிச் செருகியிருக்கிறேன்:
டோல்கேட்.
சம்பளத்துக்கு முந்தின நாள்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தபோது.
பிலோமினா கொடுத்தது.
பிலோமினா கொடுக்காதது.

வேலை ஐஸ் பேக்டரியில். அமோனியா கம்ப்ரசர், ராத்திரி ஷிப்ட்.
விடிந்ததும் உடைசல் கட்டிகளைச் சாக்கில் சுற்றி வந்து
பெட்டிகளுக்கு மேலே கம்பி வலையில் பரப்பி வைப்பேன்.
சொட்டுச் சொட்டாக உருகட்டும்,
மழை என்று நினைத்துக்கொள்ளட்டும்.
நினைத்துக்கொள்ளவில்லை.
லாரித் தண்ணீரையும் நம்பவில்லை.
துறைமுகத்துக்கு மேலே வானம்
ஒரு தரம் தொண்டையைச் செருமி நாலு தூறல் போட்டால்
மூன்றாம் நாள் மாடி முழுக்கக் காம்பு.

கப்பல் சமையல்காரர் எப்ரேம் போனில் காட்டினார்:
பனி கொட்டும் ஊரில், தலை கவிழ்ந்த வெள்ளைப் பூ,
சாண் உயரம்கூட இல்லை.
உள்ளிதழில் பச்சைக் கோடு ஒன்றா இரண்டா என்று
ஈர மண்ணில் முட்டி போட்டுச் சண்டையிடும் மனிதர்கள்.
அபூர்வ ரகம் என்றால்
ஒரு கிழங்கு ஒரு பழைய ஆட்டோ விலையாம்.
ராவோடு ராவாகத் தோண்டிப் போவதும் உண்டாம்.
"பைத்தியக்காரப் பசங்க" என்றார்.
நான் படத்தைப் பெரிதாக்கிக்
கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

என்னிடமும் ஒன்று இருந்தது, இருபத்தேழாம் பெட்டியில்.
வெள்ளை. வெளியிதழ் மூன்றின் நுனியிலும்
பால்பாயின்ட் பேனாவால் தொட்டதுபோல்
ஒரு பச்சைப் புள்ளி.
துறைமுகக் குவார்ட்டர்ஸில், இடிக்கப்போகும் பிளாக்கின்
தண்ணீர்த் தொட்டி ஓரம் குழம்புக் கரண்டியால் தோண்டியது.
இடிக்கப்போகிறார்கள் என்பது
எனக்கு நானே சொல்லிக்கொண்டது.
அந்த பிளாக் இன்னும் நிற்கிறது.

போன ஆடியில் ஒருநாள்
இருபத்தேழில் குழி மட்டும் இருந்தது.
போலீஸ் ஸ்டேஷனுக்கா போக முடியும்,
வெங்காயம் காணோம் என்று?

ஐப்பசியில் விடாமல் மூன்று நாள்.
மழைக்கென்றே பிறந்ததுகள், பயமில்லை என்றிருந்தேன்.
முழங்கால் தண்ணீரில் நான் பேக்டரியை விட்டு வர முடியவில்லை.
மாடி வடிகாலில் யாருடையதோ அறுந்த பட்டம்
நூலோடு போய் அடைத்துக்கொள்ள
பெட்டிகள் மறுபடி கடலுக்குப் போவதுபோல் மிதந்திருக்கின்றன.
கிழங்கை அழுத்தினால் விரல் உள்ளே போனது.
பதினொன்று தேறியது.

தெரு வடிந்த வாரம்
பிலோமினா வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு பெயின்ட் டப்பா.
ஐந்து காம்பு. ஐந்து பூ.
பதினைந்து புள்ளி.
எண்ணி முடிக்கும்வரை கதவோரம் நின்றிருந்தாள்,
கையில் பாதி உரித்த இறாலோடு.
நான் கேட்கவில்லை. அவள் மறைக்கவில்லை.
"எம் மஞ்சளு கீதா, பூட்ச்சா?"
"பூட்ச்சு."
"அப்ப இதுவும் உங்கிட்ட இருந்தா பூட்டிருக்கும்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது.
"குட்டி ஒண்ணு..." என்று இழுத்தேன்.
"நூத்தம்பது" என்றாள்.
நூற்றிருபதுக்குப் படிந்தது.

இருபத்தேழில் ஊன்றியாயிற்று.
பாட்டில் துண்டில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.
கொடுத்தது என்றும் எழுத முடியாது,
கொடுக்காதது என்றும் முடியாது.

குவார்ட்டர்ஸ் தொட்டி ஓரம்
இன்னும் இரண்டு இருக்கும்.
அதை அவளிடம் சொல்லவில்லை.