இரண்டரை நட்சத்திரம்

ரோஸி மாறனின் ‘ஈரச் செருப்பு’ ஆல்பத்துக்கு
இரண்டரை நட்சத்திரம்தான் போட்டிருக்கிறார்கள்.
ஐந்துக்கு.

ஷபானா வாசிக்க ஆரம்பித்தபோது
இரவு ஒன்றரை, டீ இடைவேளை.
கிருஷ்ணகிரி மாம்பழமெல்லாம்
எங்கள் கூழ் ஆலை வாசலில் வரிசை கட்டும் மாதம்.
லாரிக்கு அடியில் துண்டை விரித்து டிரைவர்கள் தூங்க
நாங்கள் ஆறு பேர்
கவிழ்த்த டிரம்களின்மேல் உட்கார்ந்திருந்தோம்,
முழங்கை வரை பெங்களூரா வாசனையோடு.

“குரலில் சர்க்கரை தூக்கல்” என்றது முதல் பத்தி.
திம்மராஜ் எழுந்தே விட்டான்.
லேபில் கூழுக்கு இனிப்பு அளப்பவன் அவன்.
“எத்தனை பிரிக்ஸ்? பதினாலா, பதினாறா?
நம்பர் இல்லாம தூக்கல்னா என்னா அர்த்தம்?
நான் அப்படி எழுதிக் குடுத்தா
சூப்பர்வைசர் சீட்டைக் கிழிச்சு மூஞ்சில போடுவாரு.”

“மூன்றாம் பாடலில் வரிகளுக்கு நடுவே
மூச்சிழுக்கும் சத்தம். நீக்கியிருக்கலாம்.”
கோதாவரிக்குக் கண் கலங்கிவிட்டது.
அந்த மூச்சுக்காகத்தானே அந்தப் பாட்டு!
காவேரிப்பட்டணம் போகும் வேனில்
காதில் அதை மாட்டிக்கொண்டால்
பக்கத்து சீட்டில் ஆள் இருப்பதுபோல் இருக்குமாம்.
“மூச்சை எடுத்துட்டா அப்புறம் யாருதான் பாடறது?”

எழுதினவனுக்கு ஐம்பது வயசிருக்கும் என்றான் நவீத்.
எழுதினது பொம்பளை, பேரைப் பாரு என்றாள் சௌந்தரி.
“அப்ப பொறாமை.”
சௌந்தரி டம்ளரை வைத்த வேகத்தில்
இடைவேளை முடியும்வரை அவன் வாய் திறக்கவில்லை.

முதல் ஆல்பத்துக்கு நான்கு கொடுத்ததும்
இதே பத்திரிகைதான்.
அந்தப் பக்கத்தை வெட்டி
லாக்கர் கதவில் ஒட்டியதும் நாங்கள்தான்.
பசை காய்ந்து ஒரு மூலை சுருண்டு கிடக்கிறது.
அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நானும் ஏதாவது சொல்ல வேண்டுமே.
“சென்னையில ஏசியில உட்கார்ந்து எழுதறாங்க” என்றேன்.
ஐந்து பேரும் ஆமாம் என்றார்கள்.
மலிவாய்க் கிடைத்த ஆமாம்.

கடைசிப் பத்தியை ஷபானா வேகமாய் ஓட்டினாள்:
“ஏழாவது பாடலில், ரசிகர்களுக்குப் பிடிக்கும் என்று
தெரிந்த இடம் வருவதற்குக் கொஞ்சம்
முன்னாலேயே இவர் குரல் சிரித்துவிடுகிறது.”

முன்னாலேயே சிரித்துவிடுகிறது.

வந்த நாளிலிருந்து
நான் ஏழாவதைத் தாண்டித்தான் கேட்கிறேன்.
ஏனென்று தெரியாது. கட்டைவிரல் தானாகப் போகும்.
முன்பின் பார்க்காத ஒருத்தி
என் கட்டைவிரலுக்குக் காரணம் எழுதியிருக்கிறாள்.
அதை இவர்களிடம் எப்படிச் சொல்வது?

சைரன் ஊதியது.
கிழித்துப் போடு என்றான் திம்மராஜ்.
கொளுத்து என்றாள் கோதாவரி.
ஷபானா அதை நாலாய் மடித்து
ஆடிக்கொண்டிருந்த டீ மேசையின் காலுக்கு
முட்டுக் கொடுத்தாள்.
மேசை நின்றுவிட்டது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

பெல்ட்டில் பழம் வரத் தொடங்கியது.
அழுகல் இடப்பக்கம், காய் வலப்பக்கம்,
பழத்துக்கு ஒரு நொடி. அதுதான் என் வேலை.
அடிபட்டதைத் தள்ளும்போது
எந்தப் பழத்தின்மேலும் எனக்குக் கோபம் இருந்ததில்லை.
அன்றைக்குத்தான் அதை யோசித்தேன்,
யோசித்ததில் இரண்டு அழுகல் தப்பிப் போயின.

விடிகாலை வேனில்
ஒரு காதுக்கானதைக் கோதாவரி என்னிடம் நீட்டினாள்.
ஆறு முடிந்து ஏழு வந்தது.
போன் அவள் மடியில். என் விரலுக்கு வேலையில்லை.
“இங்க கேளு, இந்த இடம்” என்றாள்.

கேட்டேன்.
அரை நொடி முன்னால் சிரித்தது.

கோதாவரி ஒன்றும் சொல்லவில்லை.
அணைக்குப் பிரியும் ரோட்டில் வேன் மெதுவானபோது
ஜன்னல் கண்ணாடியில்
இல்லாத அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
பிறகு மூன்றாவதை மறுபடி போட்டாள்.
மூச்சு வரும் வரைக்கும்
இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.