சாய்கோடு

ஆலையில் கொதிகலன் மூட்டும்போது
அலுவலக விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டும்,
கணினி செத்துப் பிழைக்கும்.
அப்படிச் செத்துப் பிழைத்த மூன்று இரவுகளில்
எழுதினேன் அந்த முப்பத்தெட்டு வரிகளை.

செம்பனைக் குலைக் கணக்கை வாங்கி
ஆளுக்கொரு சம்பளச் சீட்டாக
அடித்துக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.
மாதக் கடைசியின் இரண்டு நாள் முதுகுவலி
நாலு நிமிஷமானது.
நான் கோப்பி கலக்கிக்கொண்டு வருவதற்குள்
கோப்பெல்லாம் வரிசையில் நிற்கும்.

அதைப் பூட்டி வைப்பானேன்.
முதல் வரிக்கும் மேலே இப்படி எழுதி
எல்லாரும் எடுக்கும் இடத்தில் போட்டேன்:
வேண்டியவர் எடுத்துக்கொள்ளுங்கள்.
உடைந்தால் சொல்லுங்கள்.
இப்படிக்கு, ஊத்தான் மெலிந்தாங் தமயந்தி.

பீடோரில் ஒருவர் எடுத்தார்.
கூலிமில் ஒரு கையுறைத் தொழிற்சாலை எடுத்து
குலை என்று நான் எழுதிய இடத்திலெல்லாம்
ஜோடி என்று மாற்றிக்கொண்டதாம்.
லகாட் டத்துவில் ஜூலியஸ் கிம்பின் என்பவர்
ஓவர்டைம் பெருக்கல் தப்பென்று திருத்தி அனுப்பினார்.
முதலில் வெட்கமாக இருந்தது,
இரண்டு நாள் கழித்து இனித்தது.
பசி நேரத்தில் ஒரு மாறிக்கு
'சம்பால்' என்று பெயர் வைத்திருந்தேன்.
அதை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

உடைந்த சேதி குளுவாங்கிலிருந்து வந்தது.
'அக்கா, ஆள் நாற்பத்தொன்று, சீட்டு முப்பது.
பதினோரு பேர் வாசலில் நிற்கிறார்கள்.
கிராணி பரஞ்சோதி.'

நிற்பவர் யார் யார் என்றேன்.
சங்கிலிமுத்து ஏ/எல் வெள்ளையன்.
மூக்காயி ஏ/பி பெரியதம்பி.
மூன்றாவது பெயரைப் படிக்கும் முன்னே காது சுட்டது.

பிறப்புப் பத்திரத்தில் விழுந்த அந்தச் சாய்கோடு
நமக்கு இன்னார் பிள்ளை என்று அர்த்தம்.
கணினிக்கு அது கதவு; உள்ளே போ என்று அர்த்தம்.
போக இடமில்லையென்றால் உறையை நீயே செய்துகொள் என்று
இருபத்தாறாம் வரியில் நானே சொல்லியிருந்தேன்.
செய்துகொண்டது.
சங்கிலிமுத்து என்றோர் உறை.
திறந்தால் உள்ளே வெள்ளையன்,
ஒற்றை 'எல்'லைத் தலையில் சுமந்துகொண்டு,
செத்துப் பதினாறு வருஷமாம்,
மகனின் ஓவர்டைமைக் கையில் பிடித்தபடி.

இங்கே ஏன் ஒரு மாதம்கூட உடையவில்லை?
என் பட்டியலை மேலிருந்து கீழே உருட்டினேன்.
ரஃபிகுல் மியா. தேக் பகதூர். பூடியோனோ.
'பின்' உண்டு, ஒற்றைப் பெயர் உண்டு.
நூற்றிருபது பேரில் ஒரு சாய்கோடு இல்லை.
எனக்குச் சம்பளம் தலைமையகத்திலிருந்து வருகிறது,
அதனால் நானும் அதில் இல்லை.
நான் எழுதியதற்கு
என் வீட்டுப் பெயர்கள் தெரியாது.
சொல்லிவைக்க எனக்குத் தோன்றவும் இல்லை.

கை உதறிக்கொண்டு உட்காரும் முன்
லகாட் டத்துவிலிருந்து ஒரு வரி வந்துவிட்டது:
சாய்கோடு கண்டால் சிறுகோடாக்கு.
'எங்கள் பக்கம் இந்தப் பெயர்கள் கிடையாது,
நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.'

சரிபார்க்க ஒரு பெயர் வேண்டுமே.
தமயந்தி ஏ/பி தொப்ளான் என்று அடித்தேன்.
குலை பூஜ்யம். ஓவர்டைம் பூஜ்யம்.
விளக்கு கண் சிமிட்டியது.
செத்துப் பிழைத்து மறுபடி அடித்தேன்.
ஒரே தாளில் வந்தோம், அப்பாவும் நானும்.

குளுவாங்கில் பதினோரு பேரும் வாங்கிப் போனார்கள்.
சங்கிலிமுத்து மட்டும் திரும்பி வந்து
சீட்டை நீட்டிக் கேட்டாராம்,
என் கோடு ஏன் படுத்துக் கிடக்கிறது என்று.
என்ன சொல்லட்டும் அக்கா என்கிறான் பரஞ்சோதி.

கோப்பின் பெயரில் படுக்கட்டும்,
தாளில் சாய்ந்தே நிற்கட்டும்.
நாற்பதாவது வரியில் இருக்கிறேன்,
கொதிகலன் மூட்டும் நேரம்.