மூடியின் உள்பக்கம்

ராயக்கோட்டையில், ரயில்வே கேட் தாண்டி
தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது.
போன மாசம் மாந்தோப்பில் நின்ற மரத்துக்கு
இங்கே நூற்றைம்பது வயசாகிறது.

திம்மராயன் செதுக்குவார்: இரண்டு கிளி, நடுவில் தாமரை,
ஓரம் முழுக்கச் சங்கிலிக்கொடி.
அது பொய் இல்லை. உளி பட்டது பட்டதுதான்.
பொய் என் பாகம்.

சைக்கிள் செயினால் முதுகில் அடிப்பேன்.
டீத்தூள் கொதித்த தண்ணீர், துருவாணி ஊறிய தண்ணீர்,
உப்பும் சாணியும் பூசிப் புதைத்தெடுத்த பித்தளைக் குமிழ்.
சின்ன ஆணியால் உளுப்பூச்சியாகத் துளைபோடுவேன்.
பூச்சி நேர்கோட்டில் தின்னாது;
ஒருநாள் கூலி போய்த் தெரிந்துகொண்டது.

சித்திரையில் மாதிரிக்கு ஓர் அசல் வந்தது,
அஞ்செட்டிப் பக்கமிருந்து, ஆறு பேர் தூக்க.
கேழ்வரகு கொட்டிவைத்த பெட்டி.
மூலையில் இன்னும் நாலு மணி, கல்மாதிரி.
நஞ்சுண்டன் அளவெடுத்தார், படமெடுத்தார்,
பூட்டைத் தட்டிப் பார்த்தார்.
மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தவள் நான் என்பதால்
நான்தான் பார்த்தேன்.
உள்பக்கம் கத்திக் கீறல்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
கடைசி வரிசை மூன்றோடு நின்றிருந்தது.

கொடுத்த வள்ளமா, வாங்கிய வள்ளமா,
கடன் அடைந்து நின்றதா,
கீறிய ஆளே போய்ச் சேர்ந்தாரா,
பெட்டிக்கு வாய் இல்லை.

"இதையும் போடு" என்றார் நஞ்சுண்டன்.
"கணக்கு இருந்தா பெங்களூர்க்காரங்க
மூவாயிரம் சேர்த்துத் தருவாங்க."

யார் கணக்கைப் போடுவது?
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.
செவ்வாய்க்கிழமைக் குழுக்கடன், ஐம்பத்திரண்டு தவணை.
கட்டிய வாரத்துக்குக் கோடு,
கட்டாத வாரத்துக்குப் புள்ளி.
சின்னவள் காய்ச்சலில் கிடந்த ஆடியில்
சேர்ந்தாற்போல மூன்று புள்ளி.
எட்டுக் கட்டும் ஒன்றும் போட்டு நிறுத்தினேன்.
கரி தேய்த்தேன், எண்ணெய் விட்டேன்,
டீத்தண்ணீர் இரண்டு கை.

நேற்று ஓர் அம்மா வந்தார், காரில்.
மூடியைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
அந்த மூன்று புள்ளியில் விரல் வைத்தார்.
"இந்த இடத்துல பஞ்சம் வந்திருக்கும் போல."

நஞ்சுண்டன் என்னைப் பார்த்தார்.
"ஆமாங்க" என்றேன். "வந்தது."

கயிறு கட்டி ஏற்றிவிட்டோம்.
பதினொரு தவணை இன்னும் பாக்கி.
உள்ளே திம்மராயன்
அடுத்த மூடிக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார்.