பங்குக் கணக்கு

கோரையாறு கடலைத் தொடுமுன்
தயங்கி நிற்கிற இடத்தில்
குழாயைச் சேற்றில் இறக்கினோம்.
அறுபத்திரண்டு சென்டிமீட்டர் வந்தது.
மேலே பழுப்பு, கீழே போகப்போகக் கறுப்பு,
அழுகிய முட்டை வாடை.
படகைக் கழியால் பிடித்துக்கொண்டிருந்த ஜெகபர்
"இதுல என்னம்மா இருக்கு?" என்றார்.

ஈயம், என்றேன்.
பாறையின் யுரேனியத்துக்கு
எத்தனையோ தலைமுறை தாண்டிப் பிறந்தது.
நடுவில் ஒரு தலைமுறை வாயு.
மண்ணை விட்டுக் கிளம்பி
நான்கு நாளில் பாதி காற்றிலேயே முடிந்து,
ஈயமாகித் தூசியில் ஒட்டி
ஐப்பசி அடைமழையோடு இறங்கும்.
மன்னார்குடி மொட்டைமாடிக்கும் அதே மழை,
இந்த அலையாத்திக் காட்டுக்கும் அதே.
இருபத்திரண்டு வருஷத்தில் பாதியாகும்.
இன்னொரு இருபத்திரண்டில் பாதியில் பாதி.
மிச்சத்தை எண்ணினால் சேற்றின் வயது.

"பாதிக்குப் பாதி எனக்குத் தெரியாதா?
பிடிச்சதுல படகுக்குப் பாதி.
மிச்சத்துல வலைக்குப் பாதி.
அதுக்கும் மிச்சத்துல ரெண்டு ஆளு.
கடைசியில என் கூடையில என்ன?"
கணக்குப்படி பூஜ்யம் ஆகாது, என்றேன்.
"கணக்கை ஒருநாள் ஏலத்துக்கு வரச் சொல்லுங்க."

தஞ்சாவூரில், மாடி ஆய்வகத்தில்,
ஒவ்வொரு சென்டிமீட்டராய் அறுத்து உலர்த்தி
அமிலத்தில் கரைத்து
ஒரு வெள்ளித் தகட்டைத் தொங்கவிட்டேன்.
ஈயத்தின் பிள்ளை பிஸ்மத்;
அதன் பிள்ளை பொலோனியம்
கூப்பிடாமலே வந்து வெள்ளியில் படியும்.
கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.
கருவி எண்ணுகிறது.

ஒன்று.

நெடுநேரம் கழித்து
இரண்டு, மூன்று, உடனே நான்கு.

எது அடுத்து உடையும் என்று எவருக்கும் தெரியாது.
போன வாரம் மழையில் விழுந்த ஈய அணுவுக்கும்
தொண்ணூறு வருஷம் சேற்றில் கிடந்ததற்கும்
இன்றைய ஆபத்து ஒன்றேதான்.
அதற்கு மூப்பில்லை.
அதன் அரை ஆயுள் இரண்டைக் கடந்த எனக்கு
மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது.

சரிந்து வரவேண்டிய கோடு
நான்காவது துண்டில் நின்றுவிட்டது.
ஐந்து துண்டுகள் ஒரே எண்ணைச் சொல்லின.
கருவியைச் சந்தேகித்தேன், அமிலத்தை,
என் கையெழுத்தைக்கூட.
மறுபடி இரண்டு நாள் எண்ணினேன். அதே எண்.
ஜெகபருக்குப் போன் போட்டு ஆழத்தைச் சொன்னேன்.

"கஜா," என்றார்.
"அன்னிக்கி ராத்திரி கடல் உள்ள வந்து
அடிச்சேத்தை மேல, மேச்சேத்தை அடியில,
குழம்பு மாதிரி கிண்டிட்டுப் போச்சு.
என் படகு மூணு நாள் மரத்து மேல கெடந்துச்சு.
இதுக்கா ரெண்டு நாள் எண்ணுனீங்க?"

அட்டவணையில் அந்த ஐந்துக்கும்
வருஷம் போடாமல் 'கலங்கியது' என்று எழுதினேன்.
நாற்பத்தொன்றுக்குக் கீழே
எண் குறையவும் இல்லை, கூடவும் இல்லை.
அது மண் தனக்குள் தானே ஈனும் ஈயம்.
மழைக்கு அதில் பங்கில்லை.
அங்கே வயது கேட்க எனக்கு வழியும் இல்லை.

பொலோனியம் உடைந்தால்
மறுபடி ஈயம், இருநூற்றாறு.
அதோடு சரி; பிறகு உடையாது.
போன தடவை போனபோது
ஜெகபர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்,
ஓரத்தில் வரிசையாய் ஈயக்குண்டுகள்.
ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினேன்.
எந்த ஈயத்திலும் ஏறக்குறைய கால்வாசி
இந்த இருநூற்றாறுதான், என்றேன்.

"கால்வாசியா," என்றார்
முடிச்சை விட்டுக் கண்ணை எடுக்காமல்.
"அப்ப பாதியில பாதி.
பரவாயில்லையே, நம்மளைவிடக் கூடத்தான்."