பவர்ஃபுல்

நீடாமங்கலம் உரக்கடையில்
நாளைக்கு நாற்பது தடவை அந்தச் சொல்லை விற்கிறேன்.
"இது பவர்ஃபுல்லா?" என்கிறார்கள்
டப்பாவைக் குலுக்கிக்கொண்டே.
லேபிளிலும் இருக்கிறது, மண்டையோட்டுக்கு மேலே, சிவப்பில்.
ஆமாம் என்றால் ஐம்பது ரூபாய் கூடக் கொடுப்பார்கள்.

வடக்குத் தெரு மாரியம்மன் பவர்ஃபுல்.
வட்டச் செயலாளரின் மச்சான் பவர்ஃபுல்.
நேற்று வந்தவர் குரலைத் தாழ்த்தி
தன் மருமகளின் வாயும் அப்படித்தான் என்றார்.
தமிழில் கேட்டால் எதைக் கொடுப்பது?
வலிய என்றால் செய்யுள் வாடை,
சக்தி என்றால் உடனே சூலம் வந்துவிடுகிறது.

லஸ்கர் சவரிமுத்து எலி மருந்துக்கு வந்தார்.
சைக்கிள் கேரியரில்
ஷட்டர் திருகும் கைப்பிடி, கிரீஸ் துணி சுற்றி.
பதினோரு சுற்று என்றால் பாமணியாற்றில் தண்ணீர்,
ஒன்பது என்றால் கடைமடையில் அரிவாள்.
"பவர்ஃபுல்லா ஒண்ணு குடும்மா" என்றவர்
விலையைக் கேட்டு
சின்ன பாக்கெட்டே போதும் என்றார்.

மீதி எட்டு ரூபாய்
கண்ணாடி மேசைமேல் கிடக்கிறது.
வாசல் வரை ஓடிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
மூணாறு தலைப்பில்
முப்பது வருஷம் இரைச்சலோடு நின்ற காது.
பஸ் ஹாரனுக்கே ஒதுங்காமல்
மெதுவாகப் போகிறது சைக்கிள்.